தண்ணீரில் நின்றும் வாடும் நாற்று

கேள்வி: எனக்கு வயது 63. சிங்கப்பூர் யீஷூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பொழுது போகட்டும் என்று மகன், மண் இல்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் பெட்டி ஒன்று, பன்னிரண்டு துளை உள்ளது, வாங்கிக் கொடுத்தான். ஸ்பாஞ்சில் லெட்டூஸ் விதை போட்டு அடுப்படி ஜன்னல் ஓரம் வைத்தேன். பாதிதான் முளைத்தது. முளைத்ததும் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்தது. ஆறாம் நாள் எடுத்துப் பெட்டியில் நட்டு, காரிடாரில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தேன். ஏ, பி என்று இரண்டு பாட்டில் உரம் இருந்தது. இரண்டையும் ஒரு குவளையில் கலந்தபோது பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. பாட்டிலில் போட்டிருந்த அளவுப்படி ஊற்றி, துளைவரை தண்ணீர் நிரப்பினேன். காற்று பம்ப் சத்தம் போடுவதால் படுக்கும்போது நிறுத்திவிடுவேன். நாலே நாளில் எல்லாம் வாடிவிட்டன. வேர் பழுப்பாகி நாற்றம் அடித்தது. இரண்டாவது முறையும் இதே கதைதான். எனக்குக் கைராசி இல்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தேக்காவில் வாங்கும் புதினாவையும் நர்சரியில் விற்கும் மிளகாய் நாற்றையும் நேராக இந்தப் பெட்டியில் வைக்கலாமா? கொசு ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏதாவது சொல்வார்களா?
- வாசகி, யீஷூன்

பதில்: அம்மா, கைராசியை முதலில் ஒதுக்கி வைப்போம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்ன நடந்தது என்பதை ஒன்று விடாமல் நீங்களே எழுதிவிட்டீர்கள். துளைவரை தண்ணீர், இரவில் நின்ற பம்ப், வெயிலில் வைத்த பெட்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கைராசிக்காரர் நட்டாலும் லெட்டூஸ் பிழைக்காது.

தண்ணீரிலேயே நிற்கிற செடி எப்படி வாடும் என்று உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். வேரும் மூச்சு விடுகிறது. தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்ப அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணில் துகளுக்குத் துகள் நடுவே காற்று இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ மிகவும் கொஞ்சம். அது தீர்ந்ததும் வேர் தன் வாசலை அடைத்துக்கொள்கிறது. அப்போது கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் இலைக்கு ஒரு சொட்டுக்கூடப் போய்ச் சேராது.

'நெல் வயலில் தண்ணீர் கட்டித்தானே வளர்க்கிறோம்?' என்று கேட்பீர்கள். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றுக் குழாய் உண்டு. காங்கோங் கீரையும் அப்படித்தான்; தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் தெரியும். லெட்டூசுக்கு அந்த வசதி கிடையாது. அது குளிர்ந்த ஊர்ச் செடி.

இனி நம் ஊர் வெப்பத்தைப் பாருங்கள். 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாக இறங்கிவிடும். அதே பத்து டிகிரி ஏற்றத்தில் வேர் மூச்சு விடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறைகிற நேரத்தில் செலவு இரட்டிக்கிறது. நீங்கள் வேறு இரவில் பம்பை நிறுத்திவிடுகிறீர்கள். செடி தூங்கினாலும் வேர் தூங்குவதில்லை, அம்மா. மூச்சுத் திணறித் தளர்ந்த வேரில் பித்தியம் என்ற பூசணம் போன்ற கிருமி எளிதில் குடியேறும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். உங்களுக்கு வந்த நாற்றம் அதன் வேலையாகத்தான் இருக்கும். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பழுப்பான வேர் ஒன்றை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். வேர் லேசாகப் பழுப்பேறியிருந்தாலும் உறுதியாக, வாடையில்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். அது உரத்தில் உள்ள இரும்புச்சத்தின் சாயம்.

சிங்கப்பூரில் பலருக்கும் முன்பே வந்த தலைவலி இது. 1990களிலேயே தேசியக் கல்விக் கழகப் பேராசிரியர் லீ சிங் காங், வேரைக் காற்றில் தொங்கவிட்டுக் குளிர்ந்த சத்துநீரைத் தெளித்து, இலைப்பகுதி நம் ஊர் வெக்கையிலேயே இருக்க, லெட்டூஸ் வளர்த்துக் காட்டினார். தலை சூட்டில் இருக்கலாம், கால் குளிர்ச்சியாக இருந்தால் போதும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம். வீட்டில் குளிரூட்டும் இயந்திரம் வாங்கி வைக்கச் சொல்ல மாட்டேன். கீரையைவிட மின்கட்டணம் அதிகமாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை வேறு. பெட்டியை மேற்கு வெயில் நேராக விழாத இடத்துக்கு நகர்த்துங்கள். இலைக்குக் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் நல்லது. பெட்டியின் உடம்பில் வெயில் படக் கூடாது. கறுப்புப் பெட்டியாக இருந்தால் சுற்றி வெள்ளைத் துணியோ அலுமினியத் தாளோ கட்டிவிடுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மத்தியானம் பெட்டிக்குள் இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்: 20 லிட்டர் தண்ணீரில் அது இரண்டரை டிகிரி அளவுக்குக் குறைக்கும், பிறகு வெப்பம் திரும்பிவிடும். நட்ட முதல் வாரத்தில் மட்டும் செய்து பாருங்கள். தினமும் அதைச் சுமந்துகொண்டிருந்தால் தோட்டம் வேலையாகிவிடும்.

பம்ப் சத்தத்துக்கு என் வைத்தியம் பழைய ரப்பர் செருப்பு. அடிப்பாகத்தை ஒரு துண்டு வெட்டிப் பம்புக்கு அடியில் வையுங்கள். பாதிச் சத்தம் தரை அதிர்வதால் வருவதுதான். மீன் தொட்டிக்கு வைப்பது போன்ற சின்ன பம்ப் நாலு வாட் இழுக்கும். மாதம் முழுக்க இரவு பகலாக ஓடினாலும் ஒரு வெள்ளிக்குள் அடங்கிவிடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க மறக்காதீர்கள். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் புகுந்துவிடும்.

அதுவும் முடியாது, தூக்கம் கெடுகிறது என்றால் பம்பே இல்லாமல் வளர்க்கலாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை அது. தண்ணீரைத் துளைவரை நிரப்பாமல் விடுவதுதான் அதன் சூட்சுமம். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேலே ஈரக்காற்று உள்ள இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளியில் நிற்கிற வேர் காற்றுக்குப் பழகிவிடும், அடியில் உள்ளது தண்ணீருக்குப் பழகிவிடும். இதில் பலர் செய்யும் தவறு, தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடி மேல்வரை நிரப்புவது. காற்றுக்குப் பழகிய வேரைத் திடீரென்று முக்கினால் செடி இரண்டே நாளில் தொங்கிவிடும். நிரப்பத்தான் வேண்டும் என்றால் பாதி வேர்வரை மட்டும்.

சரி, இப்போது விதைக்கு வருவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். உங்களுக்கு முளையிலேயே இரண்டு குறை தெரிந்தது.

பாதிதான் முளைத்தது என்பதற்குக் காரணம் விதை பழசு என்பதாக இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அடுப்படிச் சூட்டை. லெட்டூஸ் விதை ஏறக்குறைய 28, 30 டிகிரியைத் தாண்டினால் 'இது முளைக்கிற காலம் இல்லை' என்று உறங்கிவிடும். ஈர டிஷ்யூ தாளில் விதையைப் பரப்பி, ஒரு சின்ன டப்பாவில் மூடி, குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் இரண்டு நாள் வையுங்கள். அப்புறம் எடுத்து ஸ்பாஞ்சின் மேலே வையுங்கள், உள்ளே அழுத்திப் புதைக்காதீர்கள். பல லெட்டூஸ் ரகங்களுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். ரகம் வாங்கும்போது பட்டாவியா வகையாகக் கேளுங்கள். வெக்கையை ஓரளவு தாங்கும், சீக்கிரம் கசக்காது.

நூல் போல நீண்டது வெளிச்சப் பசி. ஜன்னல் ஓரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். நாற்றுக்கு அது பற்றாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும், கழுத்து பலவீனமாகும், பிறகு அடித்தண்டு மெலிந்து ஒடிந்து விழும். முளை தலை காட்டிய அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நடுப்பகல் வெயில் வேண்டாம். வீட்டுக்குள்தான் வைக்க முடியும் என்றால் எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு 14 மணி நேரம் எரியவிடுங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்டதை என்ன செய்வது? தக்காளி என்றால் தண்டை ஆழமாக இறக்கலாம், அதிலும் வேர் விடும். லெட்டூஸ் அப்படியில்லை. தயங்காமல் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக விதையுங்கள். நெட்டை நாற்றை வைத்துக்கொண்டு மூன்று வாரம் போராடுவதைவிட அதுதான் சீக்கிரம்.

நீங்கள் ஆறாம் நாளே பெயர்த்து நட்டது அவசரம். முதலில் விரிகிற இரண்டும் வித்திலைகள். அவை விதைக்குள்ளிருந்த கட்டுச்சோறு. அதற்குப் பின் வருவதுதான் நிஜ இலை. நிஜ இலை இரண்டு மூன்று வந்து, ஸ்பாஞ்சின் அடியில் வெள்ளை வேர் ஓர் அங்குலமாவது தொங்கினால்தான் நாற்று பெயர்க்கத் தயார். கைலான், சாய் சிம் போன்ற சீனக் கீரைகள் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். லெட்டூசுக்குப் பதினைந்து நாள் வரை பொறுங்கள். நாள்காட்டியைவிட வேரை நம்புங்கள்.

நடவை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முதல் இரவு முழுவதும் நாற்றுக்கு வெயில் இல்லாமல் கிடைக்கிறது. ஸ்பாஞ்சைப் பிடித்துத் தூக்குங்கள், அல்லது ஓர் இலையைப் பிடியுங்கள். தண்டைக் கிள்ளிப் பிடித்தால் போயிற்று. இலை போனால் இன்னோர் இலை வரும், தண்டு ஒன்றுதான். ஸ்பாஞ்சை உரித்தெடுக்க வேண்டாம், அதோடு சேர்த்தே நெட் பாட் என்னும் வலைக் கிண்ணத்துக்குள் இறக்குங்கள். முதல் மூன்று நான்கு நாள் தண்ணீர் ஸ்பாஞ்சின் அடியைத் தொட்டால் போதும். தொங்கும் வேர் நனைந்திருக்கும், மேலே ஈரம் ஏறும். புது வேர் இறங்குவதைப் பார்த்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு விரல் அளவு குறையுங்கள். அந்த இரண்டு விரல் இடைவெளிதான் உங்கள் பெட்டியில் இல்லாமல் போனது.

முதல் இரண்டு நாள் நாற்றுக்கு மேலே பழைய நாளிதழ் ஒன்றைப் பந்தல் மாதிரி கட்டிவிடுங்கள். எங்கள் தாத்தா ஊரில் நெல் நடவு முடிந்து வயல் சில நாள் மஞ்சளாக நிற்கும். பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை என்பார்கள். யாரும் பதறி உரத்தைக் கொட்ட மாட்டார்கள். தண்ணீரில் நட்ட லெட்டூசுக்கும் அந்த இரண்டு மூன்று நாள் சோர்வு உண்டு. மத்தியானம் தலை சாய்ந்து மாலையில் நிமிர்ந்தால் சரியாகத்தான் போகிறது. காலையிலும் நிமிரவில்லை என்றால்தான் வேரைப் பார்க்க வேண்டும்.

உர விஷயத்தில் நீங்கள் செய்த ஒன்று பம்பை நிறுத்தியதற்குச் சமமான தவறு. ஏ பாட்டிலில் கால்சியம் இருக்கிறது. பி பாட்டிலில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. நீர்க்காமல் இரண்டும் சந்தித்தால் சேர்ந்து கட்டிக்கொண்டு கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். உங்கள் குவளையில் திரண்ட பால் அதுதான். அந்தச் சத்து இனி வேருக்குப் போகாது. பெட்டியில் தண்ணீர் நிரப்பி, ஏ ஊற்றிக் கலக்கி, அதன் பிறகு பி ஊற்றுங்கள். அளக்க ஒரே குவளைதான் இருக்கிறது என்றால் நடுவில் கழுவிவிடுங்கள்.

பாட்டிலில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வளர்ந்த செடிக்கு. நிஜ இலை எட்டிப் பார்க்கும்வரை வெறும் தண்ணீர் போதும். அதற்குப் பின் கால் பங்கு, நடவு அன்று பாதி, ஒரு வாரம் கழித்துத்தான் முழு அளவு. தண்ணீரில் எவ்வளவு உரம் கரைந்திருக்கிறது என்று காட்டும் ஈசி மீட்டர் வைத்திருந்தால் நாற்றுக்கு 0.6 முதல் 0.8, நடவுக்கு 1.0, வளர்ந்த கீரைக்கு 1.2 முதல் 1.6 வரை வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றாலும் குடி முழுகிப் போகாது. நம் வெக்கையில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கும், மிச்சத் தண்ணீர் நாளுக்கு நாள் உப்பேறும். அதனால் இடையில் சேர்க்கும்போது வெறும் தண்ணீராகச் சேருங்கள். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கே தண்ணீரில் கலப்பது குளோரமின்; ஓர் இரவில் அது போகாது. நம் குழாயில் வருகிற அளவில் கீரைக்கு அதனால் தொந்தரவும் இல்லை. குழாயைத் திறந்து அப்படியே பிடித்து ஊற்றுங்கள்.

நாற்று போவதை நினைத்து மனம் சுருங்க வேண்டாம், அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பண்ணையில், ஒரு சாயங்காலம் தொட்டி கழுவுவதற்காகப் பம்பை நிறுத்தினேன். மறுபடி போட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அது குழாயில் மெல்லிய நீரோட்டம் விடும் அமைப்பு. உங்கள் பெட்டி மாதிரி சேமிப்புத் தண்ணீர் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று வரிசை நாற்று வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த முறை விதைக்கும் முன் பெட்டியைக் கழுவ வேண்டும். பழைய வேர், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு பெட்டி, காற்றுக்கல், குழாய் எல்லாவற்றையும் துடைத்து, அரை மணி நேரம் கழித்து வாசனை போகும்வரை அலசுங்கள். அதே நேரத்தில் வினிகர் எதுவும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

புதினாவைத் தாராளமாக வைக்கலாம். தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் கட்டிலிருந்து பூக்காத, தடித்த தண்டு நாலைந்து எடுங்கள். கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினம் மாற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். அது தண்ணீரிலேயே பிறந்த வேர்; ஸ்பாஞ்சைச் சுற்றிப் பெட்டியில் இறக்கினால் ஒன்றும் ஆகாது. பொன்னாங்கண்ணி, காங்கோங் தண்டுகளுக்கும் இதே வழிதான்.

நர்சரி மிளகாய் நாற்று வேறு விஷயம். மண்ணில் வளர்ந்த வேரை எவ்வளவு கழுவினாலும் நுனி அறுபடும், மண்ணோடு கிருமியும் பெட்டிக்குள் வரும். அத்தனையும் தாண்டிப் பிழைத்தாலும், காய்க்க நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது கேட்கும். உங்கள் காரிடாரில் அது கிடைக்குமா என்பது சந்தேகம். அதை ஒரு மண்தொட்டியில் விட்டுவிடுங்கள். முளைக்கீரைக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் முகம் சுளிக்கும்; கடைசிவரை இருக்கப்போகும் ஸ்பாஞ்சிலேயே விதையுங்கள். வெந்தயத்துக்குப் பெட்டியே தேவையில்லை, ஒரு தட்டில் நெருக்கமாகத் தூவினால் போதும்.

கொசு பற்றிக் கேட்டதற்கு நன்றி. ஏடிஸ் கொசு தேடுவது சுத்தமான, அசையாத தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து வருகிறவர்கள் உங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பது நியாயமே. உள்ளே புழு இருந்தால் அபராதம் உண்டு. செடி இல்லாத துளைகளை மூடுங்கள். இன்னொரு வகையிலும் அது உதவும்: வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் பாசி பிடிக்காது. நாற்றுத் தட்டில் தேங்கும் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பம்ப் இல்லாத முறைக்குப் போனால் பிடிஐ குருணை கட்டாயம் போடுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா அது, கீரைக்கும் நமக்கும் கெடுதல் இல்லை. காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டு வைத்தால் நகர மன்றத்தாரும் பேச மாட்டார்கள்.

முதல் சுற்றுக்கு லெட்டூஸ் வேண்டாம் என்பது என் யோசனை. நாலு துளையில் காங்கோங், நாலில் சாய் சிம், இரண்டில் புதினா வையுங்கள். மிச்சம் இரண்டில் வேண்டுமானால் லெட்டூஸ். அடுத்த கடிதத்தில் படம் அனுப்புவதாக இருந்தால் இலையை மட்டும் எடுக்காதீர்கள். நெட் பாட்டைத் தூக்கிப் பிடித்து வேரையும் எடுத்து அனுப்புங்கள்.